கட்டடங்களையும் படிப்போம்

“ஈசூனில் வரலாறு எங்கே இருக்கிறது? அதைப் பார்க்க லிட்டில் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும்!” என்று மாணவர்கள் சிலர் கூறுவதுண்டு. ஈசூன் வீடமைப்பு நகரம் 1970களில்தான் உருவாகத் தொடங்கியது. எங்கும் அடுக்குமாடி வீடுகளையே காண்பவர்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டடங்களைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததால்தான் நம் அருகில் இருக்கும் வரலாறு நம் கண்ணில் படுவதில்லை.

கட்டடத்தை எப்படிப் படிப்பது? ஐரோப்பியச் சிற்றூர்களில் உள்ள பழைய தேவாலயங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அங்கு ‘ரோமனெஸ்க்’ பாணி பரவியிருந்தது. தடித்த சுவர்கள், சிறிய சன்னல்கள், அரைவட்ட வளைவுகள் ஆகியவை அதன் அடையாளங்கள். பின்னர் வந்த ‘கோதிக்’ பாணியில் வளைவுகளின் உச்சி கூர்மையானது, சன்னல்கள் பெரிதாயின. சில தேவாலயங்களில் இவ்விரு வகை வளைவுகளையும் ஒருசேரக் காணலாம். அவற்றைக் கொண்டே, எந்தப் பகுதி முதலில் எழுந்தது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்பதை அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இவ்வாறு படிக்கத்தக்க கட்டடங்கள் உள்ளன. லிட்டில் இந்தியாவுக்கு அருகே, ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து அன்னை தேவாலயம் அவற்றுள் ஒன்று. இது தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு, 1888இல் திறக்கப்பட்டது. இதன் கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் கோதிக் பாணியைச் சேர்ந்தவை. தமிழர்களின் தேவாலயத்திற்கு ஏன் ஐரோப்பிய வடிவம்? இதை அமைத்தவர் பிரெஞ்சுப் பாதிரியார். பிரான்சின் லூர்து நகரில் உள்ள பேராலயமே இதற்கு முன்மாதிரி. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த தமிழர்களும் சமயப் பணிக்காக வந்த பிரெஞ்சுக்காரர்களும் இங்கே சந்தித்ததை இக்கட்டடத்தின் வடிவமே சொல்கிறது. 2005இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் இங்குத் தமிழில் வழிபாடு நடைபெறுகிறது.

ஆனால், எல்லாக் கட்டடங்களும் இருந்த இடத்திலேயே நிற்பதில்லை. ஈசூன் தொழிற்பேட்டையில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தை எண்ணிப் பாருங்கள். 1960களில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள் கேன்பரா சாலைக்கு அருகே முருகனை வழிபட்ட இடமே அதன் தொடக்கம். 1990களில்தான் ஆலயம் இப்போதைய இடத்திற்கு வந்தது. அந்த மரம் இன்று ஆலயத்தின் பெயரில் வாழ்கிறது. பழைய ஆலயம் எப்படி இருந்தது என்பதைப் புதிய சுவர்கள் சொல்ல மாட்டா. அதை நேரில் கண்டவர்களே சொல்ல வேண்டும். அவர்களுக்கோ இப்போது வயதாகிவிட்டது.

“சிங்கப்பூரில் நிலம் குறைவு. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் இடம் வேண்டும். பழைய கட்டடங்கள் அனைத்தையும் பாதுகாக்க முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் பாதுகாக்க முடியாது என்பதால்தான் அவற்றைப் பற்றிய நினைவுகளைப் பதிவு செய்வது மேலும் அவசியமாகிறது. அதற்கு நிலம் தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியும் அரை மணி நேரமும் போதும்.

எனவே, இனி ஒரு கட்டடத்தைக் கடந்து செல்லும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது ஏன் இந்த வடிவில் இருக்கிறது? இதற்கு முன் இங்கே என்ன இருந்தது? முதல் கேள்விக்குக் கட்டடத்தை உற்றுப் பார்த்தாலே விடை கிடைக்கலாம். இரண்டாவது கேள்விக்கான விடை உங்கள் தாத்தா பாட்டியிடம் இருக்கலாம். அதை இந்த வார இறுதியிலேயே கேட்டுவிடுங்கள்.