தொடக்கப் பள்ளிகளின் செயல்திறனை அளப்பது குறித்து ஆசிரியர் சங்க மாவட்டச் செயற்குழுவின் நிலைப்பாடு

2025 பிப்ரவரியில் மாநில அளவிலான அடைவுத் தேர்வு நடந்தது முதல், எந்த மாவட்டம் முன்னே, எது பின்னே என்ற பேச்சு ஓயவில்லை. அத்தேர்வை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் போக்கு குறித்து, கடலூர், சிதம்பரம் பகுதி உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி இந்த அறிக்கை வெளியிடப்படுகிறது.

அளவீடே கூடாது என்று சிலர் வாதிட்டனர். செயற்குழு அதை முழுமையாக ஏற்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கத்தோடும் நமக்குப் பிணக்கில்லை.

ஆனால் விளைச்சலை எண்ணுகிறவர்கள் விதைத்ததையும் எண்ண வேண்டும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. வகுப்போ ஐந்து. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைக்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆவன்னா எழுதி சிலேட்டை நீட்டிக்கொண்டு நிற்கும். டீச்சர் கையில் செல்போன். பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் செயலியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கை வலித்துப் பிள்ளை சிலேட்டை இறக்கிவிடும். அந்தக் கால் மணி நேரம் எந்தப் பட்டியலில் ஏறுகிறது? எமிஸ் பதிவேற்றத்திலிருந்து விடுவிப்பதாக 2023 அக்டோபர் பேச்சுவார்த்தையில் அரசு சொன்னது நம் யாருக்கும் மறக்கவில்லை. ஆசிரியர்களுக்குத் தரப்படும் வாக்காளர் பட்டியல் வேலை சட்டப்படி செல்லும், மறுக்கவில்லை. அதற்குப் போன மணிகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்கிறோம். கழிக்க மனமில்லையென்றால் அதற்கு அளவீடு என்று பெயர் வைக்காதீர்கள், பழி என்றே வையுங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்தது. இரண்டே மாதத்தில் தேர்வு. வெள்ளம் வடிந்த ஊருக்கும் வெள்ளமே பாராத ஊருக்கும் ஒரே தராசு!

முந்திரி, கரும்பு வேலைக்குப் பெற்றோருடன் போகும் பிள்ளைகளின் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பிள்ளைகளின் அடைவைப் பி.எட். மாணவர்களை அனுப்பி மதிப்பிடுவதில் நம் பழைய எதிர்ப்பு அப்படியே நிற்கிறது. தேர்வு முடிவை வைத்துப் பள்ளியை எடைபோடும் பழைய வழியான, தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்ற முறையை 1904 கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் கர்சன் அரசே கைவிட்டது.

பள்ளிவாரித் தரவரிசையை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

உறுப்பினர்கள் இன்று முதல், பாடம் நடத்தாத வேலைக்குப் போன நேரத்தைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவரவும். ஆய்வுக்கு வருபவர் மதிப்பெண் பட்டியலை எடுக்கும்போது அந்த நோட்டையும் மேசைமேல் வைக்கவும்.