லைட் எரியுதா? அப்போ சரி

திண்டுக்கல்லில் வயரிங் வேலை பார்க்கும் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் சுவிட்சைப் போடுவோம். லைட் எரிந்து ஃபேனும் சுற்றினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வீட்டுக்கும் கடைக்கும் இதுதான் எங்கள் சோதனை. பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தான் செய்தோம். 'செய்தார்கள்' என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டருக்கு ஒன்றுதான் தெரியும்: கரண்ட் வருகிறதா, இல்லையா. வயரின் இன்சுலேஷன் உளுத்துப்போனதை அது காட்டாது. அதற்கு மெகர் வேண்டும். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் பிடித்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பையும் 5 ஆண்டுக்கு மேல் தள்ளாமல் மறுபடி சோதிக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறை இது. லைசென்சுக்குப் பரீட்சை எழுதியபோது மனப்பாடமாக எழுதினோம். பள்ளிகளில் நான் மெகர் பிடித்த நாட்களுக்கு ஒரு கை விரல்கள் போதும்.

நாங்கள் வயரிங் செய்த காலத்தில் ஒரு வகுப்பறைக்கு இரண்டு டியூப் லைட், இரண்டு ஃபேன். அதே வயரில் இன்று கம்ப்யூட்டர் தொங்குகிறது, ஸ்மார்ட் போர்டு தொங்குகிறது, குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினும் தொங்குகிறது. பிளக் பாயிண்ட் போதவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொடுத்தோம். மூணு பின் நுழையவில்லை என்றால் எர்த் பின்னை வெட்டிக் கொடுத்தோம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் தடித்த செம்புக் கம்பியாகச் சுற்றினோம். ஃபியூஸ் எதற்குப் போகிறது என்று பார்க்க நேரமில்லை. அடுத்த வீட்டில் மிக்சி நின்றுபோயிருந்தது.

என் கணக்கில் மட்டும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் ஒரு தலைமையாசிரியர் கூப்பிட்டார். "தம்பி, மழை பெஞ்சா மெயின் விழுந்துருது. பிள்ளைங்களுக்குப் பரீட்சை. ஏதாச்சும் பண்ணுங்க." போய்ப் பார்த்தேன். விழுந்தது ஆர்.சி.சி.பி. ஈரச் சுவரில் எங்கோ கரண்ட் கசிகிறது, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கசிவைத் தேடினால் ஒரு நாள் போகும். நான் ஒரு துண்டு வயரைப் போட்டு அதைத் தாண்டிவிட்டேன். பத்து நிமிட வேலை. "சரி பண்ணிட்டேன் சார்" என்றேன். காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டி எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறி ஓடினால் அது விழும். ஏழு வாட் இரவு விளக்கு எடுக்கும் கரண்ட் அவ்வளவுதான். அதற்கு மேல் ஓர் உடம்பு வழியாகப் போனால் இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம். "டிரிப்பர் இருக்கே" என்று பள்ளிகளில் காட்டுவார்கள். வாட்டர் கூலருக்குப் போட்ட 16 ஆம்பியர் டிரிப்பர் விழ, அந்த 30 மில்லி ஆம்பியரைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல் ஓட வேண்டும். அது வயரைக் காப்பாற்றும். குழாயைப் பிடித்திருக்கும் பிள்ளையை அது கணக்கிலேயே எடுக்காது.

எர்த் இருக்கிறதே என்பீர்கள். நம் ஊர் மண்ணை நினைத்துப் பாருங்கள். வேடசந்தூர்ப் பக்கமானாலும் நத்தம் பக்கமானாலும் நாலடி தோண்டினால் பாறை. பைப்பை முழுசாக இறக்க முடியாது; பாதியை அறுத்துவிட்டு மீதியைப் புதைத்தோம். கரியும் உப்பும் போட வேண்டிய குழியில் தோண்டிய மண்ணையே தள்ளினோம். கோடையில் அந்த மண் காய்ந்தால் எர்த் 50 ஓம் காட்டும். அப்போது கூலரின் உடம்பில் ஃபேஸ் தொட்டால் ஓடக்கூடியது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் டிரிப்பர் அசையாது. கூலர் ஜில்லென்று தண்ணீர் தரும், உடம்பு முழுக்கக் கரண்டோடு நிற்கும். மின்வாரியம் தன் எர்த்துகளை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையாவது, அதுவும் வறண்ட காலத்தில் ஒரு வறண்ட நாளில், சோதிக்க வேண்டும் என்று விதி எழுதியவர் இந்த மாதிரிச் சீமையில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வார்த்தைக் குழப்பத்திலும் எங்களுக்குப் பங்கு உண்டு. ஷார்ட் சர்க்யூட்டானாலும் லீக்கேஜானாலும் பேப்பரில் 'மின்கசிவு' என்றுதான் வரும். இரண்டும் வேறு வேறு என்று ஒரு நிருபரிடமும் நாங்கள் சொன்னதில்லை. ஷார்ட் என்றால் பொறி பறக்கும், டிரிப்பர் விழும், ஊருக்கே தெரியும். லீக்கேஜ் சுவருக்குள் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். தீ சமையலறையில் பிடித்து ஓலைக் கூரைக்கு ஏறியது. அதன்பின் கூரைகளைப் பிரித்தோம். கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு என்று நான்கு சான்றுகளைப் பற்றி இன்றும் பேசுகிறோம். வயருக்கு என்ன சான்று என்று பெற்றோரும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்காமல் இருப்பதே வசதி. 2019 ஆகஸ்டில் கர்நாடகத்தின் கொப்பலில், சுதந்திர தினத்துக்கு நட்ட கொடிக்கம்பத்தை இறக்கும்போது மின்கம்பியில் பட்டு விடுதி மாணவர்கள் 5 பேர் செத்தார்கள். 2024 டிசம்பர் 12 இரவு நம்மூர் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். மின்கசிவு என்று மறுநாள் பேப்பரில் வந்தது. 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஷெட் மேல் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய 13 வயதுப் பையன் மேலே ஓடிய லைனில் பட்டான். ஒவ்வொரு தடவையும் டீக்கடையில் நின்று உச்சுக் கொட்டினோம். பிறகு அடுத்த வேலைக்குப் போனோம்.

ஒவ்வொரு மழைக்கு முன்னும் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை வரும்: ஈரச் சுவர், சுவிட்ச் போர்டு, தொங்கும் வயர் எல்லாவற்றையும் பார்க்கவும். 'நன்றாக உள்ளது' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களிடம் மெகர் கிடையாது. அவர்கள் எங்களைக் கேட்டார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொன்னது நாங்கள். மே மாதம் வந்தால் பள்ளி வேன்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி பிரேக்கைப் பார்க்கிறார்கள், அவசரக் கதவைப் பார்க்கிறார்கள், டிரைவரின் கண்ணைக்கூடப் பார்க்கிறார்கள். பிள்ளை வேனில் இருப்பது ஒரு மணி நேரம்.

இந்த ஜூனில் பள்ளி திறந்த வாரம், மெகரும் எர்த் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு நான் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டிவிட்ட அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் மாறியிருந்தார். மெயின் பெட்டியில் மாங்காய்ப் பூட்டு, நம்மூர்ப் பூட்டு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. சுத்தியலுக்கு அசையவில்லை, கொண்டியைத்தான் அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே நான் போட்ட வயர்த் துண்டு அப்படியே இருந்தது, சுற்றிய டேப் காய்ந்து உதிர்ந்திருந்தது. மெயினை அணைத்து, எர்த் வயரைக் கழற்றிச் சோதித்தேன். 64 ஓம்.

குழியில் ஊற்ற ஒரு குடம் தண்ணீர் வேண்டும் என்றேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடினான். வெறுங்காலில், சிந்திக்கொண்டே, கூலரில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். மெயின் அணைந்திருந்தது.