தொழுவத்தில் ஓர் உலை



எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் இப்போது மாடு இல்லை. ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது! சிரிக்காதீர்கள். நான் அழுத கதையும் இதில் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

என் மகன் கோவையில் வேலையில் இருந்தவன். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ராயப்பன்பட்டிக்கு வந்தான், அப்படியே திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். பகலெல்லாம் பந்தலுக்குக் கீழே உழைப்பு. ராத்திரி ஆனால் செல்போன். அதில் 'ஃபோர்ஜ்டு இன் ஃபயர்' என்று ஓர் அமெரிக்க நிகழ்ச்சி. 2015-ல் ஆரம்பித்ததாம். நாலு பேர் போட்டி போட்டுக்கொண்டு இரும்பைக் காய்ச்சிக் கத்தி அடிக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்கு ஆசை பிடித்துவிட்டது.

"அம்மா, அமெரிக்காவுல டாக்டரு, வாத்தியாரெல்லாம் வீட்டுக் கொட்டகையில இரும்படிக்கிறாங்க. 1973-லயே அதுக்கு ஒரு சங்கம் வச்சிருக்காங்க" என்றான்.

"நம்ம ஊர்ல அதுக்குப் பேரு பொழுதுபோக்கு இல்லைடா, பொழைப்பு" என்றேன் நான். கேட்டால்தானே?

பழைய இரும்புக் கடையிலிருந்து லாரியின் பிரேக் டிரம் ஒன்று வந்தது. அதுதான் உலை. கனமான ஓர் இரும்புக் கட்டி வந்தது. அதுதான் பட்டடை. (தண்டவாளத் துண்டுதான் வேண்டும் என்று நின்றான். ரயில்வே சொத்தை உரிய ரசீது இல்லாமல் வைத்திருந்தால் 1966-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்று இவர் அதட்டியதும் விட்டுவிட்டான்.) கரிக்குப் பஞ்சமில்லை. நம் வீட்டுச் சிரட்டையையே மூட்டம் போட்டான். துருத்திக்கு என்ன செய்தான் தெரியுமா? மருமகளின் முடி உலர்த்தும் மெஷின் ஒரு நாள் காணாமல் போனது! தேடிப் போனால், தொழுவத்தில் ஒரு குழாயின் வாயில் கட்டப்பட்டு உலைக்கு ஊதிக்கொண்டிருக்கிறது. "அத்தை, என் தலை காயுறதுக்கு முன்னாடி இவர் இரும்பு காயுது!" என்று அவள் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு பத்து நாள்தான் நிலைத்தது.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை பின்னி, அதில்தான் கொடி படரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையும் அந்தக் கம்பியில் தொங்குவதுதான். எங்கள் தோட்டத்தில் பழைய பந்தலைப் பிரித்த கம்பி கட்டுக்கட்டாகக் கிடந்தது. "சும்மா கிடக்கிற கம்பிதானே, கரண்டி மாட்ட உனக்குக் கொக்கி செஞ்சு தர்றேன்" என்று என் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதை உலையில் வைத்து வளைத்துக்கொண்டிருந்தான். வெள்ளையாய்ப் புகை வந்ததைப் பார்த்தேன். கரிப்புகை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி பத்து மணி இருக்கும். அவனுக்குத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர். இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டியது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. நெஞ்சை அடைக்கிறது, வாயெல்லாம் ஏதோ தித்திப்பாய்ச் செம்புக் காசு சப்பியது மாதிரி இருக்கிறது என்றான். டெங்குவோ என்று பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டெங்கு இல்லை. மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். நான் மாதா கோயில் மணி அடிக்கும்வரை கண்மூடவில்லை.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு எங்கள் தெரு ஆசாரி அக்கா பார்க்க வந்தார். அவர் வீட்டுக்காரர் இருந்தவரை இந்தச் சுற்றுவட்டாரத்துக் கொழு, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் அவர்கள் பட்டறையில்தான். அவர் காலமான பிறகு பட்டறை மூடிவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அக்கா வந்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே தொழுவத்துக்குப் போனார். கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இந்த வெள்ளைக் கம்பியவா உலையில வச்ச? இது நாகம் பூசுன கம்பியில்ல! இந்தப் புகை பட்டா ராவுக்குக் குளிர் காய்ச்ச வரும்னு எங்க மாமனாரு எங்களைக் கிட்டவே விடமாட்டாரே!"

டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பிக்கும் தகரத்துக்கும் துத்தநாகம் பூசுகிறார்கள். நெருப்பில் அது ஆவியாகி வெள்ளைப் புகையாய் வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, விஷக் காய்ச்சல் மாதிரியே குளிரும் காய்ச்சலும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். ஆனால் புகை மிகுந்தால் நுரையீரலையே பாதிக்கும். மூச்சுத் திணறினால் தாமதிக்கக் கூடாது என்றார். "நேத்து என்ன வேலை செஞ்சீங்கன்னு நீங்களாகச் சொல்லியிருக்கணும்" என்றும் சொன்னார். உண்மைதானே? காய்ச்சல் என்றால் என்ன சாப்பிட்டோம் என்று யோசிக்கிறோமே தவிர, எதைச் சுவாசித்தோம் என்று யோசிக்கிறோமா?

மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து நடமாடினான். நான் சம்மட்டியை எடுத்துப் பரணில் ஒளித்து வைத்தேன். உலையை உடைத்துவிடலாம் என்றுகூட இருந்தேன். என்னைத் தடுத்தது யார் தெரியுமா? அதே ஆசாரி அக்காதான்.

"ஏன் தாயி உடைக்கிற? அடுப்பு சுட்டுச்சுன்னு அடுப்பையா இடிச்சோம்? தெரியாமச் செஞ்சான். தெரிஞ்சு செய்யட்டும். நான் வந்து உக்காருறேன்."

வந்து உட்கார்ந்தார். முதலில், பிள்ளை அடித்து வைத்திருந்த கத்தியைக் கையில் வாங்கி, வேண்டுமென்றே கல்தரையில் போட்டார். கண்ணாடி மாதிரி இரண்டாய் உடைந்தது! "பாகு முத்திட்டா உருண்டை பல்லை உடைக்கும்ல தாயி? அதே கதைதான். காய்ச்சித் தண்ணியில போட்டதோட நிப்பாட்டிட்டான். பதம் இறக்கல" என்றார்.

அன்று சாயங்காலம் தொழுவத்தில் விளக்கை அணைக்கச் சொன்னார். இரும்பின் நிறம் இருட்டில்தான் சரியாகத் தெரியுமாம். லாரிப் பட்டையில் ஒரு துண்டு. மங்கல் சிவப்பு, செக்கச் சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் ஏறுவதை அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். ஆரஞ்சு நிறத்தில் அடித்துத் தட்டையாக்க வேண்டும். மங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி உலைக்கு. உருவம் வந்த பிறகு, ஒரு குறிப்பிட்ட சிவப்பில் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுக்க வேண்டும். பிறகு அதை வெள்ளையாகத் தேய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்பக்கத்துச் சூடு மெல்ல நுனிக்கு வரும்போது வைக்கோல் நிறம் ஓடி வருகிறது! அந்த நொடியில் முழுதும் தண்ணீரில். தாண்டி நீலமாகிவிட்டால் முனை மழுங்கும்.

என் பிள்ளை செல்போனில் படித்த பாடத்தைச் சொன்னான். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் இழுக்காதாம். அதற்குச் சற்று மேலேதான் தோய்க்க வேண்டுமாம். காந்தத்தை வைத்தும் பார்த்தான். அக்கா "இப்போ" என்று சொன்னதும் காந்தம் விட்டதும் ஒன்றாக இருந்தது! நாம் அடுப்பில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் பார்க்கவில்லையா? அந்த மாதிரிதான் அந்தக் கண்ணும்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அத்தனை பழைய வித்தை, நம் தெருக்கோடியில் ஓர் அம்மாவின் கண்ணில் சும்மா உட்கார்ந்திருந்தது. நாம் அரிவாள்மணை மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் புதிது வாங்கினோம்.

அதன்பிறகு நானும் மருமகளும் சேர்ந்து தொழுவத்துக்குச் சில சட்டங்கள் போட்டோம். உங்கள் வீட்டிலும் அண்ணனோ தம்பியோ பிள்ளையோ இப்படி ஆரம்பித்தால் உதவும். குறித்துக்கொள்ளுங்கள்:

1. துத்தநாகம் பூசிய கம்பி, தகரம், குழாய், பெயின்ட் அடித்த இரும்பு, பளபளவென்று முலாம் பூசியது - எதுவும் உலைக்குள் போகக் கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த குழாயும் கூடாது, வெடிக்கும்.

2. நாலு பக்கமும் அடைத்த அறையில் கரி உலை கூடாது. கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

3. நைலான், பாலியஸ்டர் உடுப்பு வேண்டாம். உருகித் தோலில் ஒட்டும். பருத்திதான். காலில் செருப்பு போதாது, மூடிய ஷூ. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான்.

4. கறுத்த இரும்பை நம்பாதே! சிவப்புப் போய்விட்டாலும் அது தோலை உரிக்கும் சூட்டில்தான் இருக்கும். குழந்தை கையில் எடுப்பது அதைத்தான். எங்கள் தொழுவத்துக்கு இப்போது இடுப்புயரக் கதவும் தாழ்ப்பாளும் உண்டு.

5. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். வேலை முடிந்தால் உலை ஆறும்வரை ஒருவர் காவல்.

6. சுட்டுவிட்டால் உடனே மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு டாக்டரிடம் போங்கள், தடுப்பூசியும் கேளுங்கள். கண்ணில் தூள் விழுந்தால் கசக்கவே கூடாது.

7. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய கருவி மட்டும்தான். வாள், வீச்சரிவாள் என்ற பேச்சே இந்த வீட்டில் கிடையாது.

எட்டாவதாக ஒன்று உண்டு. அதை நான் மகனிடம் தனியாகச் சொன்னேன். "உனக்கு இது ஆசை. அவங்களுக்கு இது சோறு. கத்துக்கிறதுக்குக் கூலி கொடுக்கணும்." அக்கா வாங்க மறுத்தார். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்ததும், பேசாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தொழுவத்து வாசலில் கூட்டம். அரிவாள்மணை சாணை பிடிக்க, கருக்கரிவாளுக்குப் பல் வெட்ட, களைக்கொத்திக்கு முனை அடிக்க என்று வருகிறார்கள். காசு அக்காவுக்கு. சம்மட்டி அடிப்பது என் மகன்.

ஒரு நாள் நான் சுக்குக் காப்பி கொண்டுபோனேன். அக்கா ஒரு கையில் குறடும் ஒரு கையில் சின்னச் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் எங்கே தட்டிக் காட்டுகிறாரோ, அங்கே என் பிள்ளையின் சம்மட்டி விழுகிறது. டிங்... டங்! டிங்... டங்!

"நாப்பது வருசம் எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் சம்மட்டி அடிச்சேன் தாயி" என்றார் அக்கா, கண்ணை இரும்பிலிருந்து எடுக்காமல். "பிள்ளை வயித்துல இருக்கறப்பவும் அடிச்சேன். ஆனா ஊர்ல கேட்டா, அரிவா அடிச்சது ஆசாரிம்பாங்க. இந்தச் சின்னச் சுத்தி இப்பத்தான் என் கைக்கு வந்திருக்கு."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் அக்கா எனக்கென்று ஒரு களைக்கொத்தி அடித்துக் கொடுத்தார். ரோஜாத் தொட்டியைக் கிளற அதுதான். உங்கள் வீட்டு அரிவாள்மணை மழுங்கியிருக்கிறதா? குப்பையில் போடாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு பட்டறை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். போய்க் கொடுங்கள். அப்படியே உள்ளே எட்டிப் பாருங்கள்; சம்மட்டி அடிக்கிற அம்மாவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.