20 ரூபா: தாளாகவா, குற்றியாகவா?



உங்களிடமுள்ள 20 ரூபா நாணயத்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓரம் கிழிந்து, மடிப்புகளில் நிறம் மங்கி, சில வேளை மீன் வாடையும் வீசும். 5000 ரூபாத் தாளோ பெரும்பாலும் மடிப்புக் கலையாமல் இருக்கும். காரணம் எளிது. பஸ் நடத்துநர், சந்தை வியாபாரி, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை என ஒரே நாளில் பல கைகள் மாறுவது சிறிய பெறுமதித் தாளே. பழுதடைந்த தாள்களை இலங்கை மத்திய வங்கி மீளப்பெற்று அழித்துவிட்டு, புதியவற்றை அச்சிடச் செய்கின்றது.

அச்சிடுவதற்கு ஆகும் செலவைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாணயத்தாள் நீங்கள் எழுதும் கொப்பித் தாளைப் போன்றதன்று. பருத்தி இழையினாலான கடதாசி, நீரடையாளம், பாதுகாப்பு நூல், விசேட மை ஆகியன அதற்குத் தேவை. அச்சு வேலை நம் நாட்டிலே நடைபெற்றாலும் மூலப்பொருட்களுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் சுமார் 360 ரூபாவாயிற்று. பின்னர் ஓரளவு குறைந்தபோதிலும் பழைய நிலைக்கு வரவில்லை. ஆக, தாளைத் தயாரிக்கும் செலவு உயர்ந்தது. அத்தாளால் வாங்கக்கூடிய பொருளோ குறைந்தது. 20 ரூபாவுக்கு இன்று ஒரு பிளேன்ரீ கிடைப்பதே அரிது.

இனி ஒரு சிறு கணக்கு. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் மாத்திரமே. ஒரு தாளுக்கு 5 ரூபா செலவாகி, அது ஒன்றரை ஆண்டு உழைக்கிறது எனக் கொள்வோம். ஒரு குற்றிக்கு 15 ரூபா செலவாகி, அது 18 ஆண்டு உழைக்கிறது எனக் கொள்வோம். அந்த 18 ஆண்டுகளில் 12 தாள்கள் தேவைப்படும். செலவு 60 ரூபா. குற்றிக்கோ அதே 15 ரூபாதான்.

நம் நாடு இவ்வழியில் ஏற்கனவே சென்றுள்ளது. 10 ரூபா நாணயக்குற்றி புழக்கத்துக்கு வந்த பின்னர், 2011 இல் வெளியான புதிய தாள் தொடரில் 10 ரூபாவுக்கு இடமளிக்கப்படவில்லை. 1998 இல் சுதந்திரப் பொன்விழாவையொட்டி 200 ரூபாப் பிளாத்திக்குத் தாளும் வெளியிடப்பட்டது. ஆனால் அது தொடரவில்லை. எனவே 20 ரூபாவையும் குற்றியாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆயினும் மேற்படி கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. குற்றி 18 ஆண்டும் கைமாறினால்தான் அது 12 தாள்களின் வேலையைச் செய்யும். வீட்டு உண்டியலில் அது உறங்கினால் அதற்கு ஈடாக மற்றொன்றை வார்க்க வேண்டும். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கு 2024 நிதியாண்டில் ஒரு சதக் குற்றியொன்றைத் தயாரிக்க 3.69 சதம் செலவாயிற்று. மக்களோ மீதியாகப் பெற்ற அக்குற்றிகளைப் போத்தல்களில் போட்டுவைத்தனர். மீண்டும் கடைக்குக் கொண்டுசெல்லவில்லை. புழக்கத்துக்கான ஒரு சதக் குற்றி வார்ப்பது 2025 நவம்பரில் அங்கு நிறுத்தப்பட்டது.

நம் கடைகளில் மீதிக் காசுக்குப் பதில் ரொபி நீட்டப்படும்போது நாம் கடைக்காரரை நொந்துகொள்கிறோம். அந்தச் சில்லறையில் ஒரு பங்கு நம் வீட்டு அலுமாரியின் மேலேயே இருக்கின்றது. உண்டியலில் சேமிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது நிறையும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திராமல், தவணைக்கு ஒரு முறையாவது உடைத்து உங்கள் சேமிப்புக் கணக்கில் வைப்பிலிடுங்கள். வட்டி உங்களுக்கு, குற்றி சந்தைக்கு.

வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. பை நிறையச் சில்லறையுடன் வரும் சிறுவனைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் உத்தியோகத்தர்களை நான் கண்டிருக்கிறேன். சில்லறை எண்ணும் இயந்திரம் ஒன்றைக் கருமபீடத்தில் வைத்தால் அந்தச் சிறுவனும் மறுமுறை வருவான், அவனது குற்றிகளும் வரும்.