கறி குறைந்தால் போதுமா?

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

உணவைப் பற்றிப் பேச்செழுந்தால் நம்மிடையே உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். சைவமே உயர்ந்தது என்பார் ஒருவர்; கறியும் மீனும் இன்றி உடலில் வலு ஏது என்பார் மற்றொருவர். விடுதி உணவுக்கூடத்தில் நாள்தோறும் நடக்கும் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஒரு குடும்பம் தன் அன்றாட உணவைப் பெரும்பாலும் தானியம், பருப்பு, காய், கீரை ஆகியவற்றிலிருந்தே பெற விரும்பினால், அது செய்ய வேண்டுவது என்ன? இதுவே என் கேள்வி.

முதலில் ஒன்று கூறுவேன். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் இந்நாட்டில் உணவை வைத்தே மனிதரை மேல், கீழ் எனப் பிரித்த கொடுமையும் உண்டு. கறி சமைப்போருக்கு வாடகைக்கு வீடில்லை என்போர் இன்றும் இருக்கின்றனர். பிறரை இழிவாக நோக்கக் காய்கறி ஒரு கருவியாகுமானால், அதனால் உடல் வளரலாம், உள்ளம் வளராது. ஏழைக் குழந்தையின் சத்துணவுத் தட்டில் இருக்கும் முட்டையைப் பழிக்க நமக்கு என்ன உரிமை?

இனிச் செய்திக்கு வருவோம். கறி எடுக்காத நாளில் பல வீடுகளில் நடப்பது என்ன? ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அத்துடன் இன்னொரு கரண்டி சோறு! இது மரக்கறி உணவன்று, வெறும் மாவுணவு. 100 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம்தான். அதே எடையுள்ள துவரம்பருப்பிலோ 22 கிராம் அளவுக்கு உண்டு. நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்கு உண்டு. மேலும், அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனைனை அரிசி ஈடுசெய்கிறது. இட்லியும் வெண்பொங்கலும் வெறும் ருசிக்காக ஏற்பட்டவை அல்ல என்பது இப்போது விளங்கும்.

இரும்புச்சத்தையும் மறத்தலாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். கீரை, பயறுகளில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை பிழிந்தால் ஏற்பது கூடும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் குறையும். வைட்டமின் பி12 செடிகொடிகளில் இல்லை. பாலும் மோரும் முட்டையும் அதை ஓரளவு தரும். அவற்றையும் விடுவோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொள்வதே அறிவுடைமை.

எங்கள் வீட்டில் தந்தையாரின் சர்க்கரை நோயே இம்மாற்றத்துக்குக் காரணமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நாங்கள் நிறுத்தவில்லை; மற்ற ஆறு நாட்களையே மாற்றினோம். எதிர்ப்பார் என்று நான் எண்ணிய அப்பத்தா சிரித்தார். “நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான்டா எங்களுக்குக் கறி. மத்த நாளெல்லாம் கேப்பக்களியும் கீரையுந்தான்” என்றார். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அப்பத்தாவுக்கோ அது அன்றாடச் சோறு. எனினும் அது வறுமை தந்த உணவு. அதனைப் பொற்காலம் என்று நான் பாடமாட்டேன். அந்தத் தானியத்தோடு போதிய பருப்பும் மோரும் சேர்வதே நம் காலத்தின் பேறு.

இங்குதான் நாம் பேசாத ஒன்று உள்ளது. கீரை ஆய வேண்டும். பயறு ஊறவைக்க வேண்டும். தேங்காய் துருவ வேண்டும். ஒரு குழம்பு இருந்த இடத்தில் கூட்டும் பொரியலும் வேண்டும். இத்தனையும் யார் தலையில்? வீட்டார் அனைவரின் உடல்நலத்துக்காகத் தாய் ஒருத்தியின் முதுகு ஒடிவதா? அப்படியாயின் எந்த மாற்றமும் ஒரு மாதம்கூட நிலைக்காது. இன்று எங்கள் வீட்டில் இரவு கொண்டைக்கடலை ஊறவைப்பவர் தந்தையார். கீரை ஆய்வது நானும் தம்பியும். முதல் வாரம் அம்மா இதை நம்பவில்லை. இப்போது கீரைக்கட்டை நேராக என் மடியில் போடுகிறார்!

நண்பர்களே, இலையில் எதைக் குறைப்பது என்று வாதிடுவது எளிது. எதைக் கூட்டுவது, அதற்காக யார் அடுப்படிக்குள் நுழைவது என்று முடிவு செய்யுங்கள். உரையாற்றி எந்த வீடும் திருந்தியதில்லை. விடுமுறைக்கு ஊர் சென்றதும் அரிவாள்மனை எடுத்து உட்காருங்கள். உணவுச் சீர்திருத்தம் அங்கே தொடங்கட்டும்!