புள்ளி போடும் கை

பாடத்தை ஆட்டமாக்கு, சரியாகச் சொன்னால் புள்ளி கொடு, கட்டம் தாண்டினால் பதக்கம் கொடு, பெயரைப் பலகையில் ஏற்று. பின்தங்கிய பிள்ளை தானாக முன்னால் வந்துவிடும். உயர்நிலைப் பள்ளிகளுக்கு இப்படியொரு யோசனை சொல்லப்படுகிறது. நம்ம பிள்ளைங்க விளையாடிப் படிப்பதை நான் எதுக்கு எதிர்க்கப் போகிறேன்? ஆனால் புள்ளி போடுவது யாருடைய கை என்று கேட்காமல் இந்த ஆட்டத்துக்குள் இறங்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்தது. வகுப்பறையில் ஓர் ஏணிப்படம். படிக்குப் படி ஒரு சின்னம். அந்தச் சின்னம் போட்ட அட்டையைப் பிள்ளை தானே தேடி எடுத்துச் செய்து முடித்து அடுத்த படிக்குப் போகும். சோதிக்கிற அட்டையும் அதிலேயே ஒரு படிதான், பரீட்சை என்ற பயமுறுத்தல் இல்லை. செங்கல் சூளைக்குப் போன அப்பா அம்மாவோடு ஒரு மாதம் காணாமல் போன பிள்ளை, திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே ஏறலாம். முதல் யார், கடைசி யார் என்று அந்த ஏணி கேட்கவில்லை.

வைகுண்ட ஏகாதசி இரவில் உருட்டுகிற பரமபதத்திலும் ஏணி உண்டுதான். அங்கே புண்ணியவான் ஏறுவான், பாவியைப் பாம்பு கொத்தும். முன்வினைக் கணக்கை விளையாட்டாக்கித் தந்த சமூகம் இது.

செயல்வழி வகுப்பில் ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். கல்வியாளர்கள் இதைக் கற்பித்தல் முறை என்று எழுதினார்கள். வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய்த் தனியே விரித்து உட்கார்ந்து அம்பேத்கர் படித்த நாட்டில், ஒரே பாய் என்பது கற்பித்தல் முறை மட்டும்தானா?

அந்த ஏணி உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேரவில்லை. 2013-14இல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது முப்பருவ முறை. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு. நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் செயல்பாடு என்பது சார்ட்டாகவும் தெர்மாகோலாகவும் மாறி ஸ்டேஷனரி கடைக்குப் போனது. காசுள்ள வீட்டுப் பிள்ளையின் எரிமலை புகைவிட்டது. சேரிப் பிள்ளையின் எரிமலை நோட்டுத்தாளில் பென்சில் கோடாக நின்றது.

தோழர்கள் பலர் பேசத் தயங்குகிற விஷயம் ஒன்று உண்டு. மனப்பாடத் தேர்வை எல்லாரும் திட்டுகிறோம், நானும்தான். ஆனால் பத்தாம் வகுப்பு விடைத்தாளைத் திருத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, தெரு தெரியாது. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கிற நாட்டில் முகமில்லாத அந்தத் தாள் நமக்கொரு சின்னப் பாதுகாப்பு. குழு ஆட்டத்துக்கு மார்க் போடுகிறவருக்கோ தெருவும் தெரியும், அப்பன் தொழிலும் தெரியும். 'ஒத்துழைப்பு', 'தலைமைப் பண்பு' என்று கட்டம் போட்ட தாளில் எதைப் பார்த்துப் போடுவார்? கபடிக்கு ஆள் பொறுக்கும்போது கடைசியில் நிற்பது யார் என்று யாருக்குத் தெரியாது?

கையில் சாதிக்கயிறு கட்டி வருகிற வகுப்பறை இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கயிற்றுக்குத் தடை வேண்டும், பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. ஆட்டத்துக்கான குழுவையும் அப்படிப் பிரித்தால் என்ன?

பலகைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மணிக்கு எத்தனை பீஸ் என்று காட்டும் பலகை, இந்த மாதச் சிறந்த தொழிலாளியின் படம். (நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கியிலும் யார் எத்தனை பாலிசி விற்றார் என்று பட்டியல் வரும். கவிதை எழுதுகிறவன் பெயர் அதில் எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) நோக்கியா ஆலை 2006இல் வந்தது, ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தது, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எந்த நட்சத்திரமும் அவர்கள் வேலையைக் காப்பாற்றவில்லை. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம், பதக்கம் அல்ல. ஒன்பதாம் வகுப்பிலேயே பலகையைப் பார்த்து ஓடப் பழக்குவது யாருக்குத் தேவைப்படுகிறது? பொதுத்தேர்வில் ராங்க் அறிவிப்பதை 2017இல் அரசே நிறுத்திவிட்டது. செல்பேசிச் செயலியின் 'முதல் பத்துப் பேர்' பட்டியலில் அது கொல்லைப்புறமாகத் திரும்பி வரும். வீட்டில் ஒரே போன், அதுவும் ஷிப்டுக்குப் போன அப்பா கையில் என்றால் அந்தப் பிள்ளைக்கு எந்த இடம்?

உயர்நிலைப் பள்ளிக்கு அந்த ஏணியைக் கொண்டுவாருங்கள். ஒன்பதாவதில் ஒரு பத்தி படிக்கத் தடுமாறுகிற பிள்ளையும், ஒடியாவோ இந்தியோ பேசிக்கொண்டு வந்து தமிழ் வகுப்பில் விழிக்கிற பிள்ளையும் தன் படியிலிருந்து ஏறட்டும். ஆட்டத்துக்கு மார்க் வேண்டாம். போட்டே தீர வேண்டுமென்றால், எதற்காகப் போட்டோம் என்று எழுதிப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் காட்டட்டும்.

மேல்நிலை வகுப்பில் 2017-18இல் தொடங்கிய அகமதிப்பீட்டுக்குப் பாடத்துக்கு 10 மதிப்பெண். உங்கள் ஊர்ப் பள்ளியில் அது எந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு விழுந்திருக்கிறது? மாணவர் தோழர்கள் பெயர்களைக் கேட்காமல் பிரிவுவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய்.