மருத்துவமனைக்குச் செல்லும் வழிகள்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து; பட்டாசுக் குழாயில் செலுத்தப்படுவதும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை அளவறிந்து கலக்கப்பட்ட அந்த இரண்டாம் மருந்தோடுதான் அவ்வூர் மக்களில் பலரது பகற்பொழுது கழிகிறது. மாலையில் ஆலையிலிருந்து திரும்பும் தாயின் விரலிடுக்குகளில் வெள்ளிநிறத் தூள் படிந்திருக்கும். அதே வீட்டில் பதினொன்றாம் வகுப்பு மகள் வேதியியல் நூலைத் திறந்து ஆக்சிஜனேற்ற, ஒடுக்க வினைகளைப் படித்துக்கொண்டிருப்பாள். என்ன ஆக விரும்புகிறாய் என்று எவர் கேட்டாலும் தயங்காமல் விடை வரும்: “டாக்டர்.”

அவ்விடையில் பிழை ஏதுமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வட்டாரத்தில் வளரும் பிள்ளைக்கு மருத்துவமனை என்பது வெறும் கனவுக் கட்டடம் அன்று. உறவினர் எவரையேனும் கொண்டுசென்ற இடம். ஆயினும் தீக்காயப் பிரிவுக்குள் சற்று நேரம் நின்று பார்த்தால், அந்த ஒற்றைச் சொல் போதாது என்பது விளங்கும். தீப்பட்ட உடலிலிருந்து நீரும் உப்பும் புரதமும் கசிந்து வெளியேறுகின்றன. முதல் நாளில் எவ்வளவு திரவம் செலுத்த வேண்டும் என்பது உடல் எடையையும் வெந்த பரப்பையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கை மணிக்கணக்கில் கண்காணிப்பவர் செவிலியர். தோலாகிய காப்பு நீங்கிய இடத்தில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியங்கள் குடியேறும். அவை எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்ப்புத் தட்டில் சோதித்துச் சொல்வது நுண்ணுயிரியல் ஆய்வகம். புண் ஆறுகையில் தழும்பு சுருங்கி முழங்கையையும் விரல்களையும் மடக்கிவிடாமல் காப்பவர் இயன்முறை மருத்துவர். இழந்த புரதத்தை உணவால் ஈடுசெய்பவர் ஊட்டச்சத்து வல்லுநர். இவர்களுள் ஒருவர் குறைந்தாலும் உயிர் பிழைத்தவரின் கை மீண்டும் கரண்டி பிடிக்க இயலாது போகலாம்.

பள்ளிகளில் நிலவும் எண்ணமோ வேறு. மருத்துவம் என்றால் நீட் தேர்வு. அதில் இடம் கிடைக்காவிட்டால் ‘ஏதாவது ஒரு பி.எஸ்சி.’ இந்த ‘ஏதாவது’ என்னும் சொல்தான் பலரது மூன்று ஆண்டுகளை விழுங்குகிறது. இளநிலை அறிவியல் பட்டம், அடுத்த பேருந்து வரும்வரை ஒதுங்கி நிற்கும் நிழற்குடையாகக் கருதப்படுகிறது. அது எந்த ஊருக்குச் செல்லும் சாலை என்று கேட்பவர் குறைவு.

இந்த முடிவை எடுக்கும் வயதும் காலப்போக்கில் குறைந்திருக்கிறது. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கும்வரை தமிழகத்தில் பள்ளி முடித்தோர் கல்லூரியில் புகுமுக வகுப்பு படித்தனர். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் கல்லூரி ஆசிரியர்கள் அருகிலிருந்தனர். இன்றோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த ஒரு வாரத்திற்குள், பதினைந்து வயதில், அது முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புவோர் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டம் ஒன்றை முதலில் முடிக்கின்றனர். உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களைத் தாமே தெரிந்தெடுத்து அடுக்கிக்கொள்கின்றனர். அந்த முறை இங்கு வேண்டுமா என்பது வேறு வாதம். அங்கே மாணவர் தம் பட்டத்தைத் திட்டமிடுகிறார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

திட்டமிடுதல் என்பது சேருமிடத்திலிருந்து பின்னோக்கி நடந்துவருவது. இளநிலைச் செவிலியர் படிப்புக்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மருந்தாக்கவியலான பி.பார்ம். படிப்புக்கோ இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் போதும். கணினி அறிவியல் பிரிவில் அமர்ந்துகொண்டு மருத்துவத் துறை தமக்கு இல்லை என்று எண்ணியிருக்கும் மாணவர் பலர் இதனை அறியார். பி.எஸ்சி. முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பி.பார்ம். படிப்பில் அவ்வாறு சேரும் வாய்ப்பு மருந்தாக்கவியல் பட்டயம் பெற்றவர்க்கே உண்டு. நுண்ணுயிரியல் பட்டம் பெற்றவர் ஆய்வக நுட்புநர் பணிக்கு விண்ணப்பிக்கச் சென்றால், அங்கே பெரும்பாலும் கேட்கப்படுவது மருத்துவ ஆய்வக நுட்பவியல் பட்டயமோ பட்டமோ ஆகும். மூன்றாண்டுகள் முடிந்தபின் இதனை அறிவதால் பயனில்லை.

மற்றொரு வாயில் எவர் கண்ணிலும் படுவதில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும்போது, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் செல்ல வேண்டும், அருகிலுள்ள நல்ல உறுப்புக்கு எவ்வளவுக்குமேல் செல்லக்கூடாது என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். இவர் உயிரியல் பிரிவில் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இயற்பியலில் இளநிலைப் பட்டமும் அதற்குள் கணிதமும் வேண்டும். மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்திலேயே உள்ளது. அதன்பின் மருத்துவமனை ஒன்றில் ஓராண்டுப் பயிற்சி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் உயிரிப் புள்ளியியல் முதுநிலைப் படிப்பு நடைபெறுகிறது. கணக்கில் விருப்பமுள்ளவர் நோய்களின் போக்கை அளக்கும் பணிக்கு அதன்வழிச் செல்லலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதன்மைப் பாடத்தின் பெயரை மட்டும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சார்புப் பாடம் எது என்று கேட்க வேண்டும். ஒரே விலங்கியல் பட்டம் ஒரு கல்லூரியில் வேதியியலைச் சார்புப் பாடமாகக் கொண்டிருக்கும். மற்றொன்றில் வேறொன்றைக் கொண்டிருக்கும். உயிர்வேதியியல் தொடர்பான முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த வேறுபாடு தெரியவரும். நம் கல்லூரிகளில் சார்புப் பாடத்தை மாணவர் பெரும்பாலும் தேர்வதில்லை, துறை தேர்கிறது. ஆகவே சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படிப்பது ஒன்றே மாணவர் கையிலுள்ள உரிமை.

இவ்வளவும் சொன்னால், “கூலி வேலை செய்யும் வீட்டில் மூன்றும் இரண்டும் ஐந்தாண்டுகள் எப்படிக் காத்திருப்பது?” என்னும் கேள்வி எழும். அது நேர்மையான கேள்வி. பெண்பிள்ளையைப் பொறுத்தவரை அது இன்னும் கூர்மையானது; இருபத்தோரு வயதில் வீட்டார் கேட்பது முதுநிலைப் படிப்பைப் பற்றியதாக இராது. அத்தகைய வீட்டிற்கு, படிப்பு முடிந்ததும் பணிக்குச் செல்லக்கூடிய செவிலியர் படிப்போ ஆய்வக நுட்பப் பட்டயமோ நுண்ணுயிரியல் பட்டத்தைவிடப் பொருத்தமாக இருக்கலாம். நீட் தேர்வை முயலவே கூடாது என்பதுமன்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் வயது வரம்பு இல்லை என்பதை, ஆண்டுக்கு ஆண்டு வேறெதுவும் செய்யாமல் மீண்டும் மீண்டும் எழுதுவதற்கான அழைப்பாகக் கொள்வது ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

கல்லூரிகள் செய்ய வேண்டியதும் உண்டு. 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தவர்களுள் ஒருவரான அய்ய நாடாரின் பெயரைத் தாங்கிய கல்லூரி 1963 முதல் சிவகாசியில் நடைபெறுகிறது. மகளிர்க்கென இராஜரத்தினம் கல்லூரி 1968-இல் தோன்றியது. பட்டாசும் தீப்பெட்டியும் ஈட்டித் தந்த செல்வம் வகுப்பறையாக மாறிய ஊர் அது. அத்தகைய ஊரின் வேதியியல் துறைகள், பேரியம் உப்புகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதைச் சார்புப் பாடமாக வைக்கலாம். இயற்பியல் துறைகள் மனித உடலியங்கியலில் ஒரு தாளை வைக்கலாம். விலங்கியல் மாணவியரை ஒரு பருவத்திற்குத் தீக்காயப் பிரிவில் பார்வையாளராக அனுப்பலாம். இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.

அதுவரை, நாரணாபுரத்து மாணவி தன் வினாவைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். ‘டாக்டர் ஆவேனா?’ என்பதோடு, ‘அம்மாவின் கையில் தீப்பட்டால் அந்த அறையில் நான் எந்தப் பணியைச் செய்துகொண்டிருப்பேன்?’ என்றும் கேட்கலாம். அந்த வினாவோடு அவள் பள்ளி நூலகத்திலோ ‘நான் முதல்வன்’ வழிகாட்டி ஆசிரியரிடமோ போய் நின்றால், அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் எழுத வேண்டிய முதல் மூன்று பாடங்களின் பெயராவது தெளிவாகத் தெரிந்திருக்கும்.